எதிர் என்னும் முன்னொட்டு

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பரணில் கிடந்த பெரியப்பாவின் தகரப் பெட்டியைத் துப்புரவு செய்யும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. பழைய குடும்ப அட்டை, அவர் பேருந்து நடத்துநராக இருந்த காலத்தில் எடுத்த ஒரு குழுப் புகைப்படம், ஓய்வூதியத் தாள்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் நான்காக மடித்த ஒரு துண்டறிக்கை. விரித்துப் பார்த்தேன். ‘முதுமையின் பகைவன், உயிரணுக்களின் காவலன்’ என்று தொடங்கியது. அந்த வாக்கியம் என்னுடையது.

2008இல் நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளனாகச் சொற்பச் சம்பளத்தில் இருந்தேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் ஓர் ஊட்டச்சத்து மாத்திரைக்கு விற்பனை முகவராகியிருந்தான். ‘தமிழ் ரொம்ப மோசமா இருக்கு ஐயா, கொஞ்சம் திருத்திக் குடுங்க’ என்று ஒரு தாளை நீட்டினான். ஆங்கிலத்திலிருந்து யாரோ அரைகுறையாகப் பெயர்த்திருந்தார்கள். ஒரு மாலைப் பொழுதில் அதைச் செப்பனிட்டுக் கொடுத்தேன். பகைவன், காவலன், கவசம், படை என்று போர்க்களச் சொற்களாகவே போட்டேன். சந்தம் நன்றாக வந்திருப்பதாக எனக்குள் ஒரு நிறைவும் இருந்தது. அவன் கொடுத்த ஐந்நூறு ரூபாயை வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தாள் எப்படியோ சுற்றிப் பெரியப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. ‘ஏலே, இது நீ எழுதுனதாமே? தமிழ் நல்லாருக்கு’ என்றார். மாத்திரையை வாங்கவும் தொடங்கினார். ‘ஆண்டி ஆக்சிடண்ட்’ என்ற பெயர் அவர் வாயில் ‘ஆண்டி மாத்திரை’ ஆயிற்று. ‘இந்த வெலைக்கு வாங்குனா நாமதான் ஆண்டியாகணும்’ என்பார் பெரியம்மா. நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடித்தவர் அவர். விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லும்போதெல்லாம் முன்பு பதில் பேசாமல் திண்ணைக்குப் போய்விடுவார். இப்போது அவரிடம் ஒரு பதில் இருந்தது: ‘அதான் மாத்திரை போடுதேம்லா.’ 2014இல் நுரையீரல் புற்றுநோயில் காலமானார்.

அந்த மாத்திரைதான் அவரைக் கொன்றது என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. பீடி ஒன்றே போதுமானது. ஆனால் பீடியை விடாதிருக்க ஒரு காரணத்தை நான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன் என்பது மட்டும் உறுதி. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு உயிர்வேதியியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அறிவியல் நம் மக்களை வந்தடைவது சொற்களின் வழியாக. அந்தச் சொற்களைத் தெரிவு செய்யும் இடத்தில் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறோம். பெட்டியிலிருந்து எடுத்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை நண்பரிடம் போனேன். அடுத்த பல மாதங்கள் அவர் சொல்லச் சொல்லக் கேட்டும், சொன்னவற்றைப் படித்தும் நான் தெரிந்துகொண்டது இது: நான் எழுதிய தாளில் வேதியியல் பிழை அதிகமில்லை. பிழை ‘எதிர்’ என்ற சொல்லில் இருந்தது.

நண்பர் முதலில் செய்த காரியம், ஆய்வகத்தில் ஓர் உருளைக்கிழங்கை நறுக்கி அதன்மேல் சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டது. நுரைத்துப் பொங்கியது. சிறு வயதில் முழங்கால் சிராய்ப்பில் கம்பவுண்டர் அதை ஊற்றியபோது கண்ட அதே நுரை. கிருமி செத்துப் பொங்குகிறது என்று அப்போது சொன்னார்கள். உண்மையில் அது, நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அந்த நச்சை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும் காட்சி. ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு விநாடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்க வல்லது. வேலை முடிந்தபின் அது தேய்வதுமில்லை, தீர்வதுமில்லை. அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடுகிறது.

இந்த நுரை பொங்காமற்போன ஒரு நாளைப் பற்றியும் அவர் சொன்னார். ஜப்பானில் ஷிகேயோ தகஹாரா என்னும் காது மூக்கு தொண்டை மருத்துவர், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், வாயில் அழுகிய புண்ணோடு வந்த ஒரு சிறுமிக்குச் சிகிச்சை செய்தார். புண்ணைச் சுத்தம் செய்து பெராக்சைடை ஊற்றினார். நுரை வரவில்லை. இரத்தம் பழுப்புக் கறுப்பாக மாறியது. அந்தக் குழந்தையின் இரத்தத்தில் கேட்டலேஸ் இல்லை என்பதை அவர் கண்டறிந்து, 1952இல் லான்செட் இதழில் எழுதினார். பரம்பரையாக வரும் குறைபாடு அது. இதில் வியப்பு என்னவென்றால், கேட்டலேஸ் இல்லாமற் பிறந்தவர்களில் பலர் எந்த நோயுமின்றி வாழ்ந்தார்கள். உடல் ஒரே ஒரு காவலாளியை நம்பி வீட்டைத் திறந்து போட்டிருக்கவில்லை. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ், பெராக்சிரெடாக்சின் என்று வேறு நொதிகளும் அதே வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

இவையெல்லாம் எதற்கு? நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன், உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் அடுப்பில் உணவை எரிக்கப் பயன்படுகிறது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்ந்து நீராகின்றன. வழியில் சில எலக்ட்ரான்கள் கசிந்து, பாதியிலேயே ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உண்டாவது சூப்பராக்சைடு. அதைச் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. பெராக்சைடைக் கேட்டலேஸும் மற்றவையும் நீராக்குகின்றன. இந்தத் தொடர் அறுந்து, தேங்கிய பெராக்சைடு கட்டில்லாத இரும்பைச் சந்தித்துவிட்டால், ஹைட்ராக்சில் என்னும் ராடிகல் பிறக்கும். அது தன்னருகே இருக்கும் எதையும், கொழுப்பானாலும் புரதமானாலும் மரபணுவானாலும், கடித்துவிடும். அதை அடக்குவதற்கென்று ஒரு நொதி கிடையாது. பிறக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸின் கதை சொல்லத்தக்கது. 1938இலேயே கேம்பிரிட்ஜில் மன், கெய்லின் ஆகிய இருவரும் மாட்டு இரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். செம்பைச் சேமித்து வைக்கும் பாத்திரம் போலும் என்று எண்ணினார்கள். முப்பது ஆண்டுகள் அது அந்தப் பெயரோடு சும்மா இருந்தது. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அவருடைய மாணவர் ஜோ மெக்கார்டும்தான் அது செய்யும் வேலையைக் கண்டு சொன்னார்கள். இதே நொதியின் மாங்கனீசு வடிவம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. அந்த வடிவம் இல்லாமற் பிறக்கும்படி மரபணு மாற்றிய எலிக்குஞ்சுகள் சில வாரங்களுக்குமேல் உயிர் வாழவில்லை. ஆகவே இந்த நொதிகளின் இன்றியமையாமையில் ஐயமில்லை. என் துண்டறிக்கை இதுவரை சரி.

ஆனால் கூர்ந்து பாருங்கள். ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதி’ என்று நாம் எழுதும் இந்த டிஸ்மியூட்டேஸ் செய்வது என்ன? ஒரு ஆக்சிஜனேற்றப் பொருளை அழித்து இன்னொரு ஆக்சிஜனேற்றப் பொருளை, அதாவது பெராக்சைடை, உண்டாக்குகிறது. அந்தப் பெராக்சைடும் வெறும் கழிவன்று. சிறு அளவில் இருக்கும்போது உயிரணு அதைச் செய்தி சொல்லப் பயன்படுத்துகிறது. இன்சுலின் தன் கட்டளையை உயிரணுவுக்குள் அனுப்பும்போதும், உயிரணு வளரும்படி ஏவப்படும்போதும் இந்தத் துளிப் பெராக்சைடு இடையில் தூது போகிறது. தூதனையும் பகைவனையும் ஒரே பெயரால் அழைத்தால் எப்படி?

இன்னும் ஒன்று. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கியபின், அந்தச் சிறு பைக்குள் சூப்பராக்சைடை வேண்டுமென்றே உற்பத்தி செய்து கொட்டுகின்றன. அந்த உற்பத்திக்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அது பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. 1950களில் முதலில் விவரிக்கப்பட்ட அந்நோயில், சாதாரணப் பூஞ்சையும் பாக்டீரியாவும்கூடத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். ‘ஃப்ரீ ராடிகல்களே இல்லாத உடல்’ என்று நான் என் தாளில் ஆசை காட்டியிருந்தேன். அப்படி ஓர் உடல் நெடுநாள் நிற்காது. தீ அடுப்பில் இருந்தால் சோறு, கூரையில் ஏறினால் சாம்பல். தீயே கூடாது என்று அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறவனை நாம் காவலன் என்று அழைப்பதில்லை.

ஆக்சிஜனைப் பற்றிய சொற்குழப்பம் அதன் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. எல்லா அமிலங்களுக்கும் அதுவே மூலம் என்று பதினெட்டாம் நூற்றாண்டில் தவறாக நம்பிய லவாய்சியே, அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்தது. நாமோ பிராணவாயு என்றோம், பிறகு உயிர்வளி என்றோம். அழகான சொற்கள். ஆனால் அதன் ஒரு முகத்தை மட்டும் சொல்பவை. அந்த வாயுவைத் தனித்துப் பிரித்தவர்களுள் ஒருவரான பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி அதில் வேகமாக எரிந்து தீர்வதைக் கண்டு, மனிதனும் அதில் வேகமாக வாழ்ந்து தீர்ந்துவிடுவானோ என்று அப்போதே ஐயுற்றார். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டித் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தன. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அளவு மட்டும் தெரியாமலிருந்தது.

1954இல் அர்ஜெண்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மனும் உடன் ஆய்வாளர்களும், ஆக்சிஜன் நஞ்சாவதும் கதிர்வீச்சு உடலைக் கெடுப்பதும் ஒரே வழியில்தான் என்று எழுதினார்கள். 1956இல் டென்ஹம் ஹார்மன் இன்னும் ஓரடி போய், முதுமையே ஃப்ரீ ராடிகல்களின் வேலை என்றார். கேட்டவுடன் பிடித்துப்போகும் கருத்து அது. முதுமைக்கு ஒரு பகைவன் கிடைத்துவிட்டான். பகைவனுக்குப் பகைவனை விற்கச் சந்தை காத்திருந்தது.

சந்தையைச் சொல்லி அறிவியலாளர்களை விட்டுவிடவும் கூடாது, பழிக்கவும் கூடாது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். சோதித்துப் பார்த்தார்கள். பின்லாந்தின் தென்மேற்கில், 50 முதல் 69 வயதுவரையுள்ள 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். அவர்களில் சிலருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. வைட்டமின் ஈ அந்நோயைக் குறைக்கவுமில்லை.

தற்செயலாக இருக்கலாம் என்று நம்ப விரும்பியவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டாவது செய்தி வந்தது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், கல்நார்த் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏயையும் சேர்த்துக் கொடுத்து நடந்த சோதனை அது. குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பே, 1996 ஜனவரியில், அதை நிறுத்தினார்கள். மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும், மொத்த இறப்பு 17 விழுக்காடும் கூடியிருந்தன. 35,533 ஆண்களிடம் நடந்த மற்றொரு சோதனையில், வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் விந்துச்சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்ததை 2011இல் தெரிவித்தார்கள்.

நான் துண்டறிக்கை எழுதிய ஆண்டு 2008 என்று முன்பே சொன்னேன். பின்லாந்து முடிவு அச்சாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மாத்திரையில் இருந்த பொருள்களில் ஒன்று பீட்டா கரோட்டின். தாளின் கீழே பொடி எழுத்தில் நானே அதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை விற்றவன் தேட மாட்டான், அது அவன் பிழைப்பு. எழுதியவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஒரு பாடபேதத்துக்காக நான்கு பதிப்புகளைப் புரட்டிப் பார்க்கும் நாம், ஒருவர் வாயில் போட்டுக்கொள்ளப் போகும் பொருளுக்கு ஒரு பக்கமும் புரட்டுவதில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரே விடை இல்லை. புகை நிறைந்த நுரையீரலில் மிகையான பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு பொருள்களாகச் சிதைகிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்று 2014இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வந்தது. நுரையீரல் புற்று தொடங்கியிருந்த எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது புற்று வேகமாக வளர்ந்தது. ஆக்சிஜனேற்றத்தால் மரபணுவில் ஏற்படும் சேதத்தைக் கண்டுதான், கெட்டுப்போன உயிரணுவை நிறுத்தும் பி53 என்னும் புரதம் விழித்துக்கொள்கிறது. மாத்திரை அந்தச் சேதத்தைக் குறைத்துவிட, விழிக்க வேண்டியது விழிக்கவில்லை. நாம் காப்பாற்றியது புற்று உயிரணுவை.

உடலின் சொந்த நொதிகளைப் பொறுத்தும் இதே கதைதான். உயிரணுவில் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் இருக்கிறது. சாதாரண நாளில் கீப்1 என்னும் துணைப்புரதம் அதைப் பிடித்து, அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேற்றப் பொருள்கள் கூடும்போது கீப்1 உருமாறிப் பிடியை விடும். விடுபட்டது மரபணுக்களிடம் சென்று, பாதுகாப்பு நொதிகள் பலவற்றை உற்பத்தி செய்யும்படி ஏவும். அதாவது புகை நெடி வந்தால்தான் காவல்காரன் எழுவான். 2009இல் ஜெர்மனியில் இளைஞர்கள் 40 பேரை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு வைட்டமின் சியும் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை உண்ணாதவர்களிடம் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை மேம்பட்டது, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் தூண்டப்பட்டன. மாத்திரை உண்டவர்களிடம் இந்த இரண்டுமே நிகழவில்லை. வெளியிலிருந்து வந்த காவலன் உள்ளே இருந்தவனைத் தூங்க வைத்துவிட்டான்.

அப்படியானால் நொதியையே மாத்திரையாக விழுங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு, விற்பவர்களும் உண்டு. நொதி ஒரு புரதம். இட்லியில் உள்ள உளுந்தின் புரதத்துக்கு வயிற்றில் என்ன நேர்கிறதோ அதுதான் பெரும்பாலும் அதற்கும் நேரும். உடல் இந்த நொதிகளைத் தானே செய்துகொள்கிறது. அதற்கு வேண்டிய செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம், இரும்பு ஆகியவற்றை மிகச் சிறு அளவில் உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இங்கே மூன்று மறுப்புகளுக்கு இடம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நானும் மறுபக்கத்திலிருந்து இன்னொரு துண்டறிக்கை எழுதுபவன் ஆவேன்.

முதலாவது, கீரையும் காயும் பழமும் உண்பவர்கள் நலமாக இருக்கிறார்கள் அல்லவா? ஆம். பின்லாந்து ஆய்விலேயே, மாத்திரை தொடங்குமுன் இரத்தத்தில் கரோட்டின் இயல்பாகக் கூடியிருந்தவர்களிடம் நுரையீரல் புற்று குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் அதைப் பெற்றது உணவிலிருந்து. முருங்கைக்கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின் மட்டுமன்று, கீரை உண்பவரின் வாழ்க்கையில் இருப்பது கீரை மட்டுமன்று. ஒரு காவியத்திலிருந்து ஓர் உவமையைப் பிடுங்கி மாத்திரையாக உருட்டினால் காவியம் கிடைத்துவிடாது. இரண்டாவது, குறைபாடு என்பது உண்மை. வைட்டமின் ஏ இல்லாமல் குழந்தைகள் பார்வை இழந்த நாடு இது. 1970 முதல் அரசு அவர்களுக்கு அதைக் கொடுத்து வருவது நன்மையே. பற்றாக்குறையைத் தீர்ப்பது வேறு, நிறைந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது வேறு. மூன்றாவது, சில நோய்களில் மருத்துவரே இத்தகைய மாத்திரைகளைப் பரிந்துரைப்பார். முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயில் ஒரு குறிப்பிட்ட கலவை அந்தச் சிதைவைத் தாமதப்படுத்துகிறது. அங்கும் 2013இல் ஒரு திருத்தம் வந்தது. பீட்டா கரோட்டினை நீக்கி லூட்டினையும் ஜியாசாந்தினையும் சேர்த்தார்கள். காரணம், முன்பு புகைத்தவர்களின் நுரையீரல். 2022இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, புற்றுநோயையும் இதயநோயையும் தடுப்பதற்கென்று பீட்டா கரோட்டினையோ வைட்டமின் ஈயையோ உண்ண வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

இனி என் துறைக்கு வருகிறேன். இந்தத் துறைக்கு அதன் முக்கியமான சொல்லைப் புழக்கத்தில் நிறுத்தியவர் ஹெல்முட் சீஸ் என்னும் ஜெர்மானியர், 1985இல். அவருடைய வரையறை சமநிலையைப் பற்றியது. ஆக்சிஜனேற்றும் பொருளுக்கும் அதைத் தடுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள சமன், முன்னதன் பக்கம் சாய்வதே அது என்றார். பின்னாளில் அவரே, உயிரணுவின் செய்தித் தொடர்பு குலைவதையும் வரையறைக்குள் சேர்த்தார். உடலுக்கு உதவும் ஆக்சிஜனேற்றம், ஊறு செய்யும் ஆக்சிஜனேற்றம் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதினார். நாம் என்ன செய்தோம்? ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்று பெயர்த்தோம். மன அழுத்தத்தின் உறவுக்காரன் போல அது ஒலிக்கிறது. என் மாணவி ஒருத்தி அதைக் கவலையால் வரும் நோய் என்றே எண்ணிக்கொண்டிருந்தாள். ‘ஆக்சிஜனேற்றச் சமன்குலைவு’ என்று சொன்னால் என்ன? நீளம்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பவர், சமன் என்றால் இரண்டு தட்டு உண்டு என்று நினைப்பார். எதிர்ப்பு என்று கேட்பவர், ஒரு தட்டைத் தூக்கி எறியத் துணிவார்.

புதுச்சொல் படைத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பவில்லை. ‘எதிர்’ இனி அழியாது. சந்தையில் வேரூன்றிவிட்டது. நான் கேட்பது அதனினும் எளியது. இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதும்போது வாக்கியத்தின் இரண்டாம் பாதியையும் எழுதுவோம். எவ்வளவு, யாருக்கு, எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கு விடையில்லாத வாக்கியத்தை அச்சுக்கு அனுப்பாதிருப்போம். இதற்கு உயிர்வேதியியல் பட்டம் வேண்டியதில்லை. உணவிலும் செயலிலும் அளவு மீறினாலும் குறைந்தாலும் நோய் என்ற கருத்தோடு தொடங்கும் ‘மருந்து’ அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். வள்ளுவருக்கு நொதி தெரிந்திருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களிடம் எனக்கு அச்சமே மிகுதி. அவருக்கு அளவு என்ற சொல் தெரிந்திருந்தது. என் துண்டறிக்கையில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

மாணவன் இப்போது வேறு தொழில் செய்கிறான். அவனிடம் இதைப் பற்றிப் பேசியபோது, ‘அதெல்லாம் அப்பவே விட்டுட்டேன் ஐயா’ என்று சிரித்தான். நான் எழுதியதை நான் அப்படி விட முடியவில்லை. இந்தப் பருவத்தில் மொழிபெயர்ப்புத் தாளின் முதல் வகுப்புக்கு அந்தத் துண்டறிக்கையை நகலெடுத்துக் கொண்டுபோனேன். எழுதியவர் யார் என்று சொல்லவில்லை. ‘இதில் எது விடுபட்டிருக்கிறது?’ என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, ‘எத்தனை மாத்திரை, யாரு சாப்பிடக் கூடாதுன்னு போடலை சார்’ என்றான்.

உட்காரச் சொன்னேன். பிறகு, எழுதியவன் நான்தான் என்று அவர்களிடம் சொன்னேன்.